ரிப்பனில் எழும் பூந்தோட்டம்

துணிக்கு நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. ஊசியும் நூலும் கொண்டு எத்தனை சாமர்த்தியமாகப் பூவேலை செய்தாலும், அப்பூக்கள் துணியோடு துணியாகப் படிந்து கிடப்பதே சாதாரண எம்பிராய்டரியின் இயல்பு. ஆனால் நூலுக்குப் பதிலாக மெல்லிய ரிப்பனை ஊசியில் கோத்துத் தைக்கும்போதோ, இதழ்கள் துணியை விட்டு மேலே எழுந்து, ஒன்றின்மேல் ஒன்று நிழல் வீழ்த்தி, ஒரு சாண் அகலமுள்ள துணியிலேயே மேடும் பள்ளமும் தூரமும் அண்மையும் உள்ள தோட்டம் ஒன்றைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இந்த முப்பரிமாணம் எவ்வாறு உண்டாகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கலை செழித்து வளர்ந்த தேசம் பிரான்ஸ். பதினைந்தாம் லூயி மன்னர் ஆண்ட 18-ஆம் நூற்றாண்டில், அரண்மனைச் சீமாட்டிகளின் உடைகளில் பட்டு ரிப்பனால் ஆன ரோஜாக்களும் மொட்டுகளும் விசேஷ அலங்காரமாக விளங்கின. செயிண்ட் எத்தியென் என்னும் நகரம் ரிப்பன் நெசவுக்கென்றே பிரசித்தி பெற்றது. அந்தப் பிரான்ஸ் தேசத்திலிருந்து 1827-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர்கள் குளூனி சபைக் கன்னியாஸ்திரீகள். அவர்கள் நடத்தும் எம்பிராய்டரி நிலையம் ரொமேன் ரோலான் வீதியில், பழைய மாளிகை ஒன்றில் இருந்து வருகிறது. அங்கே நடப்பது பெரும்பாலும் நூல் வேலையே ஆயினும், துணியை வளையத்தில் இறுகப் பூட்டுவது, காம்புத் தையல், பிரெஞ்சு முடிச்சு ஆகிய அடிப்படைகள் ரிப்பன் வேலைக்கும் பொதுவானவை.

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சற்று மேற்கில், செம்மண் மேட்டின்மீது அமைந்த ஊர் குயிலாப்பாளையம். 1968-இல் ஆரோவில் என்னும் குடியிருப்பு அங்கே தோன்றியபோது மழைநீர் அரித்து வறண்டு கிடந்த அந்த மேடு, பிறகு நட்டு வளர்த்த மரங்களால் இன்று பசுமை பூண்டிருக்கிறது; அங்குள்ள தொழிற்கூடங்களில் தையலும் எம்பிராய்டரியும் பழகிய பெண்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களில் பலர் இருக்கிறார்கள். பழகிய கைகளும் பசுமையும் இங்கேயே இருக்கையில், பட்டில் ஒரு தோட்டம் அமைக்க விரும்புகிறவர் மாதிரிக்காக லாவண்டரையும் டெய்ஸியையும் தேடிக்கொண்டு சீமைப் புத்தகங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. செம்மண் பாதை, பாதையோரத்துக் காகிதப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை, அவற்றுக்குப் பின்னால் பனைகள் என்று இந்த ஊரின் காட்சியே போதுமானது.

வேண்டிய சாமான்கள் சொற்பம். ரிப்பன் 2, 4, 7, 13 மில்லிமீட்டர் அகலங்களில் கிடைக்கிறது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பாலியஸ்டர் சாட்டின் ரிப்பனைவிடப் பட்டு ரிப்பன் மிருதுவாக மடியும். பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோணமாக இருப்பதால் ஒளியைப் பல திசைகளில் திருப்பி, இதழுக்கு உயிருள்ள பளபளப்பையும் தரும். காது அகலமாகவும் முனை கூர்மையாகவும் உள்ள செனில் ஊசி அவசியம்; அதன் பருத்த உடல் துணியில் போதிய துளையிட்டால்தான் ரிப்பன் உராய்ந்து பிரியாமல் உள்ளே செல்லும். ரிப்பனை ஓரடி நீளத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது நல்லதன்று. நீளம் கூடினால், பலமுறை துளையில் புகுந்து புறப்பட்டு, ஓரம் நைந்துவிடும்.

இனி இக்கலையின் உயிர்நிலையான தையலைக் கவனிப்போம். ரிப்பனைத் துணியின் கீழிருந்து மேலே கொண்டுவந்து, இதழின் நீளத்துக்குத் துணிமேல் தட்டையாகப் படியவிட்டு, இதழ்நுனி வரவேண்டிய இடத்தில், ரிப்பனின் நடுவிலேயே ஊசியைக் குத்திக் கீழே இறக்கி, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். ரிப்பன் தன் உடலையே ஊடுருவிக் கீழே செல்லும்போது, இரண்டு ஓரங்களும் உட்புறமாகச் சுருண்டு, நுனியில் ஒரு சிறு மடிப்பு உண்டாகும். அக்கணத்தில் கை நின்றுவிட வேண்டும். இன்னும் ஒரு நெல்லளவு இழுத்தால் சுருள் முழுவதும் துளைக்குள் மறைந்து, இதழ் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டுமே மிஞ்சும்.

இதற்குக் காரணம் ரிப்பனின் வடிவத்திலேயே இருக்கிறது. நூல் எத்திசையிலும் ஒரே பருமன் உடையதாதலால், இழுத்த அளவுக்குத் துணியோடு ஒட்டிக்கொள்கிறது. ரிப்பனோ பட்டையானது; 7 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை ஊசியிட்ட சிறு துளையில் நுழைய வேண்டுமானால் மடிந்து சுருங்கியே தீர வேண்டும். துளையை விட்டு வெளிவந்ததும் அது மீண்டும் விரிய முயல்கிறது. அடியில் குறுகி நடுவில் அகன்று நிற்கும் இதழின் உருவம், இவ்வாறு சுருங்கலும் விரிதலும் சேர்ந்து தாமே அமைத்துத் தருவது. தைப்பவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்த விரிவுக்கு இடம் விடுவதே. நூல் தையலில் பழகிய கை இறுக்குவதையே நேர்த்தியென்று கருதும். ரிப்பன் வேலையிலோ தளர்வே நேர்த்தி.

தோட்டத்தைத் தூரத்திலிருந்து அண்மைக்கு என்ற வரிசையில் தைத்து வருவதே முறை. ஆறு இழைகளாக வரும் எம்பிராய்டரி நூலில் ஓரிழையை மட்டும் பிரித்தெடுத்து, மங்கிய பச்சையில், பனைகளைத் துணியோடு படியத் தைக்க வேண்டும். நடுவிலுள்ள செடிகளுக்கு 2, 4 மில்லிமீட்டர் ரிப்பன்; முன்வரிசைப் பூக்களுக்கு 7, 13 மில்லிமீட்டர். தூரத்துப் பொருள் சிறுத்து, நிறம் வெளிறித் தோன்றுமென்ற ஓவியரின் பிரமாணம் இங்கே ரிப்பனின் அகலத்தாலும் நிறத்தாலும் நிறைவேறுகிறது. அதனோடு உண்மையான உயரமும் சேர்வதால், முன்வரிசைப் பூக்களின் நிழல் பின்வரிசைமேல் விழுகிறது. ஓவியர் தீட்டிக்காட்ட வேண்டிய நிழலை இங்கே விளக்கொளியே போட்டுவிடுகிறது.

காகிதப்பூவில் நாம் இதழென்று எண்ணும் வண்ணப் பகுதி உண்மையில் இதழன்று. சிறிய வெண்பூக்களைச் சூழ்ந்து நிற்கும் மூன்று பூவடிச் செதில்கள். 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடற்பயணி பூகன்வீலின் பெயரைத் தாங்கிய இச்செடியை ரிப்பனில் அமைக்க, முன்சொன்ன தையல் மூன்றை முக்கோணமாகத் தளர்வாக இட்டு, நடுவில் வெள்ளை நூலால் ஒரு பிரெஞ்சு முடிச்சு வைத்தால் போதும். செம்பருத்திக்கு 13 மில்லிமீட்டர் ரிப்பனின் ஓர் ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டுச் சுருக்கி ஐந்து இதழ்களாக்கி, நடுவே நீண்டு வரும் மகரந்தத் தண்டை நூலாலும் மஞ்சள் முடிச்சுகளாலும் அமைக்கலாம். ரோஜாவுக்குச் சிலந்திவலைத் தையல் உகந்தது. மையத்திலிருந்து ஐந்து நூல் ஆரங்களை இட்டு, ரிப்பனை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக நெய்துகொண்டே சுற்ற வேண்டும். ஆரங்கள் ஒற்றைப்படையில் இருப்பது கட்டாயம். இரட்டைப்படையானால் ஒவ்வொரு சுற்றிலும் ரிப்பன் அதே ஆரத்தின்மேலேயே ஏறி, பூ உருக்கொள்ளாது. உட்சுற்றுகள் சற்று இறுக்கமாகவும் வெளிச்சுற்றுகள் தளர்ந்தும் அமைந்தால், மலர்ந்துவரும் ரோஜாவின் தோற்றம் வந்துவிடும்.

முடிந்த வேலையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தலாகாது. சட்டமிடும்போது கண்ணாடி பூக்களைத் தொடாதபடி இடைவெளி விடவேண்டும். சித்திரம் முழுவதையும் அடக்கும் பெரிய வளையத்தை ஆரம்பத்திலேயே பூட்டிக்கொண்டால், தைத்த மலர்கள் நசுங்கும் அபாயமும் இல்லை.

நம் ஊர்த் தையல் வகுப்புகள் இக்கலையை அச்சடித்த சீமைப் படங்களைக் கொண்டு போதிப்பதைக் காட்டிலும், மாணவியரின் கையில் ஒரு செம்பருத்தியைக் கொடுத்து, அதன் இதழ் எங்கே மடிகிறது, எங்கே நிமிர்கிறது என்று பார்க்கச் சொல்லித் தொடங்குவது எவ்வளவோ மேலானது. இதழின் வளைவைக் கண் அறிந்திருந்தால்தான், ரிப்பனை எந்தக் கணத்தில் இழுக்காமல் விட வேண்டும் என்பதைக் கை அறியும்.