ஈரத்தை வாசலிலேயே நிறுத்தும் சக்கரம்

கடற்காற்று ஏறிவிட்ட கோடைப் பிற்பகல். சென்னையின் வெளிக்காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்கு 21 கிராம் நீராவி கலந்திருக்கும். 24 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் அலுவலகத்துக்குள்ளே இருப்பது 9 கிராம்தான். மீதி 12 கிராமையும் பிழிந்து எடுத்த பிறகே வெளிக்காற்றை உள்ளே விட முடியும்.

நூறு பேர் வேலை செய்யும் 1,000 சதுர மீட்டர் தளத்துக்கு, அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் தரநிலைப்படி விநாடிக்குச் சுமார் 550 லிட்டர் புதுக்காற்று வேண்டும். அதிலிருந்து எடுக்க வேண்டிய நீர் மணிக்கு ஏறத்தாழ 27 லிட்டர்! நீராவி நீராக மாறும்போது தன் உள்ளுறை வெப்பத்தையெல்லாம் ஏசியின் குளிர்சுருளின் மேல் இறக்கிவிடுகிறது. கணக்குப் போட்டால், புதுக்காற்றுக்காக ஏசி சுமக்கும் ஏழு டன் சொச்சக் குளிரூட்டும் சுமையில் முக்கால் பங்கு ஈரத்தால் வருவது; வெயிலின் சூடு கால் பங்குதான். நம் ஊர்க் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது இதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

புதுக்காற்றைக் குறைத்தால் மின்சாரம் மிஞ்சுமே என்ற எண்ணம் எவருக்கும் வரும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள். ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி என்ற அளவுக்கு வெளிக்காற்றைச் சுருக்கி, கட்டடங்களை இறுக மூடினார்கள். தலைவலி, கண்ணெரிச்சல், காரணம் தெரியாத சோர்வு என்று ஊழியர்கள் முறையிடத் தொடங்கினார்கள். 1980களில் உலக சுகாதார நிறுவனமே இந்தக் கட்டட நோயைப் பற்றிப் பேசியது. 1989இல் ஆஷ்ரே அலுவலகங்களுக்கான அளவை 20 கன அடியாக உயர்த்தியது. மூச்சில் சிக்கனம் பார்த்தது தவறான இடத்தில் பார்த்த சிக்கனம் என்றே நான் நினைக்கிறேன்.

நல்ல வழி வேறு இருக்கிறது. உள்ளே வரும் அளவுக்குக் காற்று வெளியேயும் போக வேண்டும். அப்படிப் போகிற காற்று, காசு கொடுத்துக் குளிரவைத்து உலர்த்திய காற்று. அதன் குளிர்ச்சியையும் வறட்சியையும் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பும் கருவிதான் ஆற்றல் மீட்புக் காற்றோட்டி. பெரிய கட்டடங்களில் இதன் நெஞ்சம் ஒரு சக்கரம்; ஏசி துறையினர் ‘ஹீட் ரெகவரி வீல்’ என்பார்கள். மெல்லிய அலுமினியத் தகட்டை மடிப்பு மடிப்பாகச் சுருட்டிச் செய்தது, தேனடைபோல் நுண்துளைகள் நிறைந்தது. ஒரு பாதியில் வெளிக்காற்று உள்ளே வரும். மறுபாதியில் உள்காற்று எதிர்த்திசையில் வெளியே போகும். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று. வெளிக்காற்றுப் பக்கம் இருக்கும்போது தகடு சூட்டை வாங்குகிறது, மறுபக்கம் போனதும் போகிற காற்றிடம் கொடுத்துவிடுகிறது.

ஈரத்தை யார் வாங்குவது? தகட்டின் மேல் பூசிய ஈரமுறிஞ்சி. சிலிக்கா ஜெல்லாக இருக்கலாம், மூலக்கூறு சல்லடையாகவும் இருக்கலாம். இந்தச் சல்லடையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இது ஒரு வகை சியோலைட். இதன் துளைகள் மூன்று ஆங்ஸ்ட்ராம் அகலம், அதாவது ஒரு மீட்டரை ஆயிரம் கோடியாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. நீர் மூலக்கூறு அதற்குள் நுழைந்துவிடும். கரியமில வாயுவும், வாடை தரும் பெரிய மூலக்கூறுகளும் நுழைய முடியாமல் காற்றோடு வெளியே போய்விடும். அம்மோனியா சிறியது, நுழைந்துவிடும். கழிப்பறைக் காற்றை இந்தச் சக்கரத்தில் விடத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். தேனடைத் துளைகளில் தங்கிய பழைய காற்று சக்கரத்தோடு சுற்றி வந்துவிடாதபடி, ஒரு சிறு கூறில் புதுக்காற்றை ஊதி வெளியே தள்ளவும் ஏற்பாடு உண்டு.

சக்கரத்தின் திறன் 70 சதவீதம் என்றால், 35 டிகிரி காற்று 27 டிகிரி சொச்சமாக, 13 கிராம் ஈரத்தோடு குளிர்சுருளை அடையும். மணிக்கு 27 லிட்டரில் 19 லிட்டர் உள்ளே வராமலே திரும்பிவிட்டது. சக்கரத்தைச் சுழற்றச் சிறு மோட்டார் போதும். நுண்துளைகள் வழியே காற்றைத் தள்ள விசிறிக்குத்தான் கூடுதல் மின்சாரம் ஆகும். வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் அந்தச் செலவு ஏறிக்கொண்டே போகும், புதுக்காற்றும் குறையும்.

இந்த வேலையை ஒட்டகத்தின் மூக்கு நெடுங்காலமாகச் செய்து வருகிறது. மூச்சு விடும்போது அதன் உலர்ந்த உட்சவ்வு ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது; அடுத்த மூச்சில் உள்ளே வரும் பாலைவனக் காற்றுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. உடலியல் அறிஞர் க்னூட் ஷ்மிட்-நீல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1981இல் இதை வெளியிட்டார்கள். சென்னையில் ஈரம் போகும் திசை இதற்கு நேர்மாறு. குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் அதே சக்கரம் ஒட்டகத்தைப் போல ஈரத்தையும் சூட்டையும் உள்ளேயே காக்கும். எந்தப் பொத்தானையும் மாற்ற வேண்டாம். மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அவை தாமாகவே போகும்.

சிறிய அலுவலகங்களின் நிலைதான் கவலை தருகிறது. சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. கதவு சாத்தியிருந்தால் புதுக்காற்றுக்கு வழியே இல்லை. இந்த இடங்களுக்குச் சுழலும் பாகம் இல்லாத சிறு வகை உண்டு. 1970இல் ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் கொண்டுவந்த லாஸ்னே அப்படிப்பட்டது. அதில் இரண்டு காற்றோட்டங்களுக்கும் நடுவே இருப்பது தனிவகைக் காகிதம்; சூடும் நீராவியும் அதன் வழியே கடந்துவிடும். பொய்க்கூரைக்கு மேலே அடங்கிவிடும் பெட்டி அது. வெளிச்சுவரில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு துளைகள் போட்டால் போதும், கட்டும்போதே யாராவது அதை நினைத்திருந்தால்.