ஆவணமும் ஆதிக்கமும்: காங்கோ வழி ஐரோப்பிய ஏகாதிபத்தியப் பரவல்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய ஏகாதிபத்தியம் பரவியமைக்குப் பொருளாதாரம், அரசியல் போட்டி, தொழில்நுட்பம் ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவை நிலத்தைக் கைப்பற்றும் நோக்கத்தையும் வலிமையையும் தந்தன; கைப்பற்றியதை 'உரிமை'யாக மாற்றித் தந்தவை ஆவணங்கள். காங்கோ சுதந்திர அரசின் (1885–1908) வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏகாதிபத்தியம், காங்கோ, பெர்லின் மாநாடு, ஒப்பந்தம், காலி நிலம், ரப்பர்.

முன்னுரை

1870ஆம் ஆண்டளவில் ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நிலமே ஐரோப்பியர் கட்டுப்பாட்டில் இருந்தது. 1914இல் எத்தியோப்பியா, லைபீரியா நீங்கலாக ஏனைய பகுதிகள் அவர்தம் ஆதிக்கத்திற்குள் வந்துவிட்டன. தமிழில் 'பேரரசு' பெரும்பாலும் பெருமிதச் சொல்லாகவும் 'ஏகாதிபத்தியம்' கண்டனச் சொல்லாகவும் வழங்குகின்றன. கண்டனம் மட்டும் செயல்முறையை விளக்கிவிடாது. பிறர் நிலம் எந்தெந்தப் படிகளில் தமதாக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும்.

காரணங்கள் குறித்த விளக்கங்கள்

உள்நாட்டில் முதலீட்டிற்கு இடமின்றித் தேங்கிய மூலதனம் வெளிநாடுகளை நாடியதே ஏகாதிபத்தியத்தின் வேர் என ஜே. ஏ. ஹாப்சன் 1902இல் வாதிட்டார். 1917இல் வெளிவந்த லெனினின் நூல் அதனை ஏகபோக முதலாளித்துவத்தின் கட்டமாக வரையறுத்தது. 1871இல் ஜெர்மனி ஒன்றுபட்டபின் வல்லரசுகளிடையே எழுந்த போட்டியை அரசியல் வரலாற்றாசிரியர் முன்வைப்பர். கொய்னா மருந்து, நீராவிப் படகு, மாக்சிம் துப்பாக்கி ஆகியவை உள்நாட்டுப் பயணத்தையும் படையெடுப்பையும் எளிதாக்கின என்பது தொழில்நுட்ப விளக்கம்.

இவற்றுள் எதுவும் காங்கோவிற்கு முழுமையாகப் பொருந்தவில்லை. 1830இல் விடுதலை பெற்ற பெல்ஜியம் சிறிய நாடு. வல்லரசுப் போட்டியில் இடம்பெறாதது. அதன் நாடாளுமன்றமும் குடியேற்ற நாட்டை விரும்பவில்லை. எனினும் அதன் அரசர் இரண்டாம் லியோபோல்டு, பெல்ஜியத்தைப் போல் எழுபது மடங்கிற்கும் மேற்பட்ட நிலப்பரப்பைத் தம் தனியுடைமையாக்கிக்கொண்டார். இது எங்ஙனம் இயன்றது?

ஒப்பந்தமும் அங்கீகாரமும்

1876இல் லியோபோல்டு பிரஸ்ஸல்ஸில் புவியியல் மாநாடு ஒன்றைக் கூட்டினார். அறிவியல் ஆய்வும் அடிமை வணிக ஒழிப்புமே அதன் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன. பின்னர் அவர் சார்பில் 1879 முதல் 1884 வரை காங்கோவில் பணியாற்றிய ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியும் அவர்தம் உடனுழைப்போரும் நூற்றுக்கணக்கான தலைவர்களிடம் ஒப்பந்தங்கள் பெற்றனர். அவற்றுள் 1884 ஏப்ரலில் எழுதப்பட்ட ஒன்று, ஆட்சியுரிமை, சுங்கம், வேட்டை, மீன்பிடிப்பு, சுரங்கம், காடு ஆகியவற்றுடன் மக்களின் உழைப்பையும் லியோபோல்டின் சங்கத்திற்கு உரித்தாக்குகிறது. ஈடாகத் தலைவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது மாதந்தோறும் ஒரு துணி. ஒப்பந்தத்தின் மொழியை அறிந்தவர் ஒரு தரப்பினர் மட்டுமே. மறுதரப்பினர் தாம் படிக்க இயலாத தாளில் குறியிட்டனர்.

1884 நவம்பர் 15 முதல் 1885 பிப்ரவரி 26 வரை நடைபெற்ற பெர்லின் மாநாட்டில் 14 நாடுகள் பங்கேற்றன. ஆப்பிரிக்கர் ஒருவரும் இடம்பெறவில்லை. அம்மாநாட்டு மேசையிலேயே கண்டம் பங்கிடப்பட்டது என்னும் பரவலான கூற்று திருத்தத்திற்குரியது. காங்கோ வடிநிலத்தில் தடையற்ற வணிகத்தையும், கடற்கரைகளைப் புதிதாகக் கைப்பற்றுவதற்கான விதிகளையும் அது வகுத்தது. மாநாடு நடந்த காலத்தையொட்டிய தனிப் பேச்சுவார்த்தைகளில் சங்கத்தின் கொடியை வல்லரசுகள் அங்கீகரித்தன. அமெரிக்கா 1884 ஏப்ரலிலேயே அங்கீகரித்திருந்தது. ஆற்றங்கரையில் பெற்ற குறிகள் இவ்வாறு பன்னாட்டு உரிமையாயின.

'காலி நிலம்' என்னும் சொல்லாட்சி

1885 ஜூலை 1ஆம் நாள் ஆணை, காலி நிலங்கள் யாவும் அரசுக்குரியவை என்றது. குடியிருப்பும் பயிர்நிலமும் அல்லாதன 'காலி' எனப்பட்டன. ஆனால் காடு மக்களின் வேட்டைக்களம். உணவும் மருந்தும் தரும் இடம். பயன்பாட்டிலிருந்த நிலத்தை ஒரு பெயரடை ஆளில்லா நிலமாக்கிற்று. 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றபின் ரப்பர் தேவை பெருகியது. 1891 செப்டம்பர் ஆணை, தந்தத்தையும் ரப்பரையும் அரசுக்காகத் திரட்டுமாறு அலுவலர்களைப் பணித்தது. காலி நிலத்தில் விளைந்தது அரசின் பொருள். அதனைத் திரட்டித் தருவது மக்களின் 'வரி'. வரி குறைந்த ஊர்களில் பெண்கள் பிணையாக அடைக்கப்பட்டனர், ஊர்கள் எரிக்கப்பட்டன. தோட்டா வீணாகவில்லை என்பதற்குச் சான்றாகப் படைவீரர்கள் வெட்டப்பட்ட கைகளைக் காட்ட வேண்டியிருந்தது. அங்குக் கையும் கணக்குச் சீட்டாயிற்று.

எதிர்ச்சான்றுகள்

ஆதிக்கத்திற்கு அடித்தளமான ஆவணங்களே அதனை வெளிப்படுத்தவும் உதவின. அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ், ஒப்பந்தங்கள் ஏமாற்றிப் பெறப்பட்டவை என 1890இல் லியோபோல்டுக்குப் பகிரங்க மடல் எழுதினார். கப்பல் நிறுவன எழுத்தரான இ. டி. மோரல், காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் வருவதையும், திரும்பிச் செல்லும் சரக்கில் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் மிகுந்திருப்பதையும் கண்டார். இது வணிகமன்று, கட்டாய உழைப்பே என உய்த்துணர்ந்தார். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை 1904இல் வெளிவந்தது.

தொடர்ந்து லியோபோல்டு அமைத்த விசாரணைக் குழுவின் முன் பொலிமா ஊர்த் தலைவர் லொன்டுலு 110 குச்சிகளை வைத்தார். ஒவ்வொன்றும் ரப்பருக்காகக் கொல்லப்பட்ட ஒருவரைக் குறித்தது. பெருமக்கள், ஆடவர், பெண்டிர், சிறார் என நான்காகப் பிரித்து, ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு பெயர் கூறினார். குழுவின் அறிக்கை 1905இல் வெளியிடப்பட்டது. காங்கோ மக்களின் வாக்குமூலங்கள் அதனுடன் வெளியிடப்படவில்லை. 1908 நவம்பரில் பெல்ஜியம் காங்கோவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதற்கு முன்னர் லியோபோல்டு தம் காங்கோ அரசின் ஆவணங்களை எரிக்கச் செய்தார்.

முடிவுரை

மூலதனமும் போட்டியும் தொழில்நுட்பமும் ஏகாதிபத்தியத்திற்கு வழிவகுத்தன. காங்கோவில் 'ஒப்பந்தம்', 'காலி', 'வரி' என்னும் மூன்று சொற்கள் கொள்ளையைச் சட்டமாக்கின. எனவே அக்கால ஆவணங்களைப் பயில்வோர், அவை கூறுவதை மட்டுமன்றி, யார் மொழியில் எழுதப்பட்டன, யார் படிக்க இயலாதிருந்தனர், எவை விடுபட்டன என்பவற்றையும் வினவ வேண்டும். எழுத்தில் குறியிட்டவர்கள் நிலத்தை இழந்தனர்; எழுத்தின்றிக் குச்சிகளை அடுக்கியவர் இறந்தோரின் பெயர்களைக் காத்தார். இரண்டையும் ஒருங்கே சான்றாகக் கொள்ளும்போதே ஏகாதிபத்திய வரலாறு முழுமை பெறும்.