புதிதாகத் தீந்தை தெளித்த கருவிப் பாகங்களைத் தூசி படாது உலர்த்தல்

கமத்தொழிலிற் பயன்படும் இரும்புக் கருவிகளின் ஆயுளைக் குறைப்பது கறள் ஆகும். வயற்சேறும், உரமும், பூச்சிமருந்தும், மழைநீரும் இரும்பை விரைவில் அரித்துவிடுகின்றன. இதனைத் தடுப்பதற்காகவே இருசில்லு உழவு இயந்திரத்தின் மூடிகள், நீரிறைக்கும் இயந்திரத்தின் எண்ணெய்த் தாங்கி, தெளிகருவியின் சட்டம் முதலியவற்றுக்குப் பெயின்ற் என வழங்கும் தீந்தை பூசப்படுகின்றது. இக்காலத்தில் அமுக்கிய வாயு அடைத்த தெளிப்புத் தகரங்கள் கடைகளிற் கிடைப்பதால் கமக்காரர் பலர் இவ்வேலையைத் தம் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். தெளித்தல் எளிது, ஆனால் தெளித்த பாகத்தைத் தூசி படாது உலர்த்துதல் அத்துணை எளிதன்று. பணமும் உழைப்பும் பெரும்பாலும் இவ்விடத்திலேயே வீணாகின்றன.

தூசியால் விளையுந் தீமை

தூசி அழகை மட்டுமே கெடுக்கும் என்று பலர் எண்ணுவர். அது தவறாகும். ஒரு தடவை தெளித்த பூச்சு உலர்ந்தபின் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பகுத்தால் அதில் இரண்டு அல்லது மூன்று பங்கு அளவினதே. தலைமயிர் ஒன்று இதனிலும் தடித்தது. ஆகவே ஈரமான பூச்சின் மேல் வீழ்ந்த மணற்றுணிக்கையோ நூற்றும்போ பூச்சினுள் முற்றாக அமிழ்வதில்லை. அதன் தலை வெளியே நீண்டு நிற்கும். கருவி பயன்படுகையில் அத்துணிக்கை பெயர்ந்துவிட, அவ்விடத்திற் சிறு துளை உண்டாகின்றது. அத்துளை வழியே ஈரம் உட்சென்று இரும்பை அடைந்து, பூச்சின் அடியிலேயே கறளைப் பரப்புகின்றது. சில மாதங்களுள் பூச்சு கொப்புளித்து உரிந்து வீழும்.

தூசி ஒட்டாத நிலை

உலரும் பூச்சு மூன்று நிலைகளைக் கடக்கின்றது. முதலாவது, வீழும் தூசி ஒட்டாத நிலை. இரண்டாவது, விரலால் தொடக்கூடிய நிலை. மூன்றாவது, முற்றாக இறுகிய நிலை. தூசியைப் பொறுத்தவரை முதலாம் நிலையை அடையும்வரையுள்ள காலமே மிக ஆபத்தானது.

இக்காலம் தீந்தையின் வகைக்கேற்ப வேறுபடும். லக்கர் வகை, கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்வது. அது பொதுவாகச் சில நிமிடங்கள் முதல் அரைமணிக்குள் இந்நிலையை அடையும். எனாமல் வகையோ கரைப்பான் ஆவியானபின் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுவது. அதற்குச் சில மணித்தியாலங்கள் செல்லும். ஆகவே எனாமல் தெளித்த பாகத்தைக் கூடிய நேரம் காத்தல் வேண்டும். தகரத்தின் மேல் எழுதப்பட்டுள்ள உலரும் நேரத்தை முதலிற் படித்தறிதல் நன்று.

தூசி எங்கிருந்து வருகின்றது?

காற்றோடு வரும் தூசியை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. அது வேறு பல வழிகளாலும் வருகின்றது:

1. பாகத்தின் துளைகளிலும் பொருத்துகளிலும் தங்கியுள்ள பழைய மண். தெளிக்கும் வேகத்தில் இது கிளம்பிப் பூச்சின் மேற் படியும்.
2. வேலை செய்பவரின் உடை, தலைமயிர், கைகள்.
3. கிடுகுக் கூரையிலிருந்து உதிரும் துகளும் ஒட்டறையும், அடுப்புச் சாம்பலும்.
4. தெளிக்கும்போது இலக்கிற் படாது காற்றிலேயே உலர்ந்துவிடும் தீந்தைத் துளிகள்; இவை பின்னர் மாவைப் போல வந்து படியும்.
5. மாலையில் விளக்கொளியை நாடி வரும் பூச்சிகள்.

காலத்தைத் தெரிந்துகொள்ளல்

சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக உழவுக்கும் இடைப்பட்ட காலமே கருவிகளைப் பழுதுபார்ப்பதற்கு வாய்ப்பானது. ஆனால் வரண்ட வலயத்திற் சோளகக் காற்றும் கச்சான் காற்றும் புழுதியை அள்ளி வீசும் காலமும் அதுவே. பெரும்போக மழை தொடங்கும்வரை பொறுத்திருத்தலும் ஆகாது. ஈரம் மிக்க காற்றில் லக்கர் தெளித்தால் பூச்சு வெண்மை பூத்து ஒளி மங்கும். எனாமல் உலரவும் தாமதிக்கும்.

ஆதலின் காற்றுக் காலத்திலேயே காற்றடங்கிய வேளையைத் தேர்ந்து கொள்ளல் வேண்டும். பனி உலர்ந்தபின், காற்று எழுமுன் உள்ள காலை நேரம் மிக உகந்தது. கடும் வெயிலிற் சூடேறிய இரும்பின் மேல் தெளித்தல் கூடாது. மேற்பரப்பு முந்தி உலர்ந்து, உள்ளே அகப்பட்ட ஆவி கொப்புளங்களை உண்டாக்கும். சூடு மிதிக்கும் நாளிலும் நெல் தூற்றும் நாளிலும் அயலில் இவ்வேலையைச் செய்யாது விடுக.

உலர்த்தும் பெட்டி அமைத்தல்

வெளியிலே தெளித்து மறைவிலே உலர்த்துதல் வீட்டிற்கு ஏற்ற முறையாகும். இதற்கு வேண்டியவை பெரிய அட்டைப்பெட்டி ஒன்றும், பொலித்தீன் விரிப்பும், நேரான கோலும், கம்பியுமே.

பெட்டியின் மேல்வாயைத் திறந்து, உட்புறம் முழுவதையும் பொலித்தீனால் மூடி ஒட்டுக. அட்டையின் வெட்டுவிளிம்புகளிலிருந்து தும்பு உதிருமாதலால் அவற்றையும் மறைத்தல் வேண்டும். எதிரெதிரான இரு பக்கங்களில், அடிப்பகுதியை ஒட்டி, உள்ளங்கை அளவான துவாரம் ஒவ்வொன்று வெட்டி, மெல்லிய துணியால் மூடுக. தீந்தையின் ஆவி காற்றிலும் பாரமானது. கீழ்நோக்கிச் சென்று இத்துவாரங்கள் வழியே வெளியேறும். பெட்டியை முற்றாக அடைத்துவிட்டால் ஆவி வெளியேறாது; எனாமல் இறுகுவதற்கு வேண்டிய காற்றும் கிடையாது. பயன்படுத்துமுன் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து விடுக.

பெரிய பாகங்களுக்குக் கொட்டிலின் ஒரு மூலையில் நான்கு கம்புகளை நாட்டி, மேலும் பக்கங்களும் பொலித்தீன் கட்டி, சிறு கூடாரம் ஒன்றை இவ்வாறே அமைக்கலாம். கூடாரத்தை முதல்நாளே அமைத்து, நிலத்தைக் கூட்டி நீர் தெளித்து விடல் நன்று. பெருக்கிய உடனே தீந்தை தெளித்தல் பெருந்தவறு. பருமணல் விரைவில் நிலத்தை அடையுமாயினும் மிக நுண்ணிய தூசி பல மணித்தியாலங்கள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும்.

செய்யும் முறை

1. பாகத்தின் கறளைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் நீக்குக. பழைய தீந்தையில் ஈயம் இருத்தல் கூடுமாதலால் அதனை நீர் தொட்டே தேய்த்தல் வேண்டும். மருந்து தெளிகருவியாயின் முதலிற் பல முறை நன்கு கழுவுக. அந்நீர் கிணற்றையோ வாய்க்காலையோ சேரலாகாது.

2. சவர்க்கார நீரால் எண்ணெய்ப்பற்றைப் போக்கி, துளைகளைத் தூரிகையால் துப்புரவாக்கி, நன்கு உலர்த்துக.

3. பாகத்தைக் கம்பியாற் கோலில் தொங்கவிடுக. அகன்ற முகம் செங்குத்தாக நிற்றல் வேண்டும். தூசி மேலிருந்து வீழ்வதாகலின் கிடையான முகத்திலேயே மிகுதியாகப் படியும்.

4. தும்பு உதிராத துணியைச் சிறிது தின்னரில் நனைத்துக் கடைசியாக ஒருமுறை துடைக்குக. பிளாத்திக்குப் பாகங்களைத் தின்னர் கரைத்துவிடக்கூடும். அவற்றை ஈரத்துணியாலேயே துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் பிளாத்திக்கு மின்னேற்றம் பெற்றுத் தூசியைத் தன்பால் இழுக்கும்.

5. வேலை செய்பவர் கைகளைக் கழுவி, தலையைத் துணியாற் கட்டி, தும்பு உதிராத உடை அணிதல் வேண்டும்.

6. காற்று மறைவான முற்றத்தில் நிலத்தை நனைத்துவிட்டு, 25 முதல் 30 சதமமீற்றர் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாகத் தெளிக்குக. செங்குத்தான முகத்தில் ஒரேமுறையிற் தடிப்பாகத் தெளித்தால் தீந்தை வழியும். தூரம் கூடினால் துளிகள் வழியிலேயே உலர்ந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும்.

7. உடனே கோலின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கி, பெட்டியின் விளிம்புகளில் வைத்துப் பொலித்தீனால் மூடுக. விரிப்பு பாகத்திற் படாதிருத்தல் வேண்டும். உலரும்வரை அடிக்கடி திறந்து பார்த்தலும், விசிறியைப் பாகத்தின்மேற் செலுத்துதலும் ஆகா.

தூசி பட்டுவிட்டால்

ஈரமான பூச்சை விரலாலோ துணியாலோ துடைக்க முற்பட்டால் சிறு குறை பெருங்குறையாகும். பூச்சியோ தும்போ தெளித்த உடனே வீழ்ந்தால் ஊசி முனையால் மெதுவாக எடுக்கலாம். சிறிது நேரம் சென்றிருப்பின் அதனை அப்படியே விட்டு, பூச்சு இறுகிய பின்னர் 600 இலக்க அரத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, கழுவி உலர்த்தி, மீண்டும் ஒரு பூச்சுத் தெளிக்குக. எனாமலாயின் தகரத்திற் கூறிய இடைநேரத்தைத் தவறாது கைக்கொள்ளல் வேண்டும். அரைகுறையாக உலர்ந்த எனாமல் மேல் மீண்டும் தெளித்தால் பூச்சு முழுவதும் சுருங்கிவிடும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பாகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதலோ கடதாசியிற் சுற்றுதலோ கூடாது. எனாமல் முற்றாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும்.

எச்சரிக்கை

தீந்தையின் ஆவி தீப்பற்றக்கூடியது. நிலத்தோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் சென்றடையும். ஆகவே அடுப்பு, விளக்கு, சுருட்டு ஆகியவற்றை அருகில் விடலாகாது. மூக்கிற் கட்டும் துணி தூசியைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது; எனவே தெளித்தலை எப்போதும் வெளியிலேயே செய்க. உலர்த்தும் பெட்டியை விறாந்தையில் அல்லது காற்றோட்டமுள்ள கொட்டிலில் வைக்க வேண்டுமேயன்றி, படுக்கும் அறையிலோ, உணவுப் பொருள், விதைநெல் ஆகியவை இருக்கும் இடத்திலோ வைக்கலாகாது. இறுக்கி கலந்து தெளிக்கும் இருபகுதித் தீந்தையில் சுவாசப்பைக்குக் கேடு விளைக்கும் ஐசோசயனேற்று இருத்தல் கூடும். அதனைத் தக்க பாதுகாப்புள்ள தொழிற்சாலைக்கே விடுதல் வேண்டும்.

கலப்பையின் மண் புரட்டும் முகத்திற்குத் தீந்தை தேவையில்லை. சில மணித்தியால உழவிலேயே அது தேய்ந்துவிடும். அம்முகத்தைத் துப்புரவாக்கி கிறீசு பூசி வைத்தலே போதுமானது. ஏனைய பாகங்களை மேற்கூறியவாறு கவனமாக உலர்த்தி வைக்கும் கமக்காரர், அடுத்த போகத்தில் கறள் தின்ற பாகத்துக்கு மாற்றுப் பாகம் தேடிப் பணத்தையும் உழவு நாளையும் இழக்க நேராது.