சுவருக்குள் எங்கே ஈரம்?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டது. படுக்கையறைச் சுவரில் ஓதம் மட்டும் காயவில்லை. பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. மேல்மாடிக் குளியலறைப் பைப்தான் கசிகிறது என்கிறார் பிளம்பர். வெளிச்சுவர் விரிசல் என்கிறார் கொத்தனார். யார் சொல்வது சரி என்று பார்க்க டைல்ஸை உடைக்க வேண்டும். உடைத்தால் அதே நிற டைல்ஸ் மறுபடி கிடைப்பது அரிது.

அதற்கு முன் வெப்பப்படக் கேமராவால் ஒருமுறை பார்த்துவிடலாம். 1800இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் சூடு ஏறியது. அந்த அகச்சிவப்புக் கதிரைத்தான் இந்தக் கேமரா படமாக்குகிறது.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ, ஓதச் சுவரும் அதனால்தான் குளிர்கிறது. ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காய்ந்த சுவரைவிட ஓரிரு டிகிரி குறைந்தாலே போதும், படத்தில் நீலத் திட்டாகத் தெரிந்துவிடும். திட்டு பைப் போகும் வழியிலேயே நீண்டால் சந்தேகம் பைப் மீது; தரையிலிருந்து மேலேறினால் அஸ்திவார ஈரத்தின் மீது.

மொட்டைமாடியில் கதை தலைகீழ். தளத்துக்குள் ஊறிய நீர் பகல் வெயிலைச் சேர்த்து வைத்துக்கொண்டு மெதுவாக ஆறும். அந்தி சாய்ந்தபின் பார்த்தால், ஈரமான இடம்தான் சுற்றியுள்ளதைவிடச் சூடாகத் தெரியும். எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம்.

இந்தக் கேமரா சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்று சிலர் விற்கிறார்கள். அது உண்மையில்லை. மேற்பரப்பின் சூடு மட்டுமே அதற்குத் தெரியும். ஏசி காற்று படும் சுவரும் நீலமாகத்தான் இருக்கும். ஜன்னல் கண்ணாடியோ எதிரே நிற்பவரின் உடல் சூட்டையே பிரதிபலிக்கும். ஆகவே ஈரமானியைச் சுவரில் வைத்து உறுதி செய்யாமல் உளியை எடுக்கக் கூடாது.

ஓதத்தைவிட எனக்கு அச்சம் தருவது மின்பெட்டி. ஸ்க்ரூ தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடி, அந்த இடம் கொதிக்கும். மின்னோட்டம் 2 மடங்கானால் அங்கே பிறக்கும் சூடு 4 மடங்கு. பல வீடுகளில் கருகிய வாடை வந்த பிறகே தெரிகிறது. கேமராவில் அது முன்பே பளிச்சென்று தெரியும். ஆனால் ஏசியும் கீசரும் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். மூடியைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை, நாம் கை வைக்கக் கூடாது.

பழுது பார்த்த பிறகு, அதே இடத்தை அதே நேரத்தில் இன்னொரு முறை படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பது அதற்கப்புறம்.