பற்றரி கேளாத கமரா
(பழகிய பொருள்கள் – தொடர்)

சென்ற வாரம் சாவி கொடுத்து ஓட்டும் சுவர் மணிக்கூடுகளைப் பற்றிச் சொல்லி முடிக்கையில், அவற்றுக்கு நெருங்கிய இரத்த உறவுடைய வேறொரு யந்திரத்தைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ரேஞ்ச்ஃபைண்டர் கமரா என்று அபிமானிகள் சொல்லுகின்ற, தூரத்தைத் தானே அளந்து காட்டும் அந்தப் பழைய பிலிம் கமராவை, மலாயாவில் றெயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களின் றங்குப்பெட்டியிலோ, சிங்கப்பூர் போய்வந்த உறவினர் கொடுத்ததென்று அலுமாரியின் மேற்தட்டில் வைத்த பொதிக்குள்ளேயோ, தோலுறையின் பித்தளைப் பொத்தான் பச்சை பிடித்த நிலையில் யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இன்றும் காணக்கூடும்.

இதன் தத்துவம் மனிதனுக்கு இரண்டு கண்கள் அமைந்ததன் தத்துவமே. முகப்பிலே சில அங்குல இடைவெளியில் உள்ள இரண்டு சிறு ஜன்னல்கள் ஒரே பொருளை இரு வேறு கோணங்களிலிருந்து நோக்குகின்றன. உள்ளேயிருக்கும் கண்ணாடிகள் அவ்விரு காட்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணுக்கு அனுப்ப, லென்ஸின் வளையத்தைத் திருப்புந்தோறும் மங்கிய பிரதிபிம்பமானது பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் மூலபிம்பத்தோடு பேதமின்றிக் கலந்து விடுகின்றது. அந்த க்ஷணத்தில் பொருளின் தூரமும் லென்ஸின் நிலையும் பொருந்திவிட்டன என்று அர்த்தம். ஒஸ்கார் பர்னாக் என்ற ஜெர்மானியத் தொழில்வல்லவர் வடிவமைத்து, 1925ஆம் ஆண்டில் லைட்ஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லைக்காவில் இந்த வசதி கிடையாது. தூரத்தைக் கண்மதிப்பாகத்தான் வைக்க வேண்டியிருந்தது. 1932இல் வந்த இரண்டாம் லைக்காவும், அதே ஆண்டில் ஸைஸ் ஐகான் வெளியிட்ட கொன்ராக்ஸும் தூரமானியை லென்ஸோடு பிணைத்தன. 1954இல் தோன்றிய லைக்கா எம்3, காட்சி ஜன்னலையும் தூரமானியையும் ஒரே பெரிய, பிரகாசமான ஜன்னலாக்கியது. அதற்குப் பின்னர் வந்தவை யாவும் அதன் பேரப்பிள்ளைகள் என்பது என் அபிப்பிராயம்.

இந்த யந்திரத்தின் குணதோஷங்களை எங்கள் குடாநாட்டைப் போல வெட்டவெளிச்சமாக்கக்கூடிய நிலப்பரப்பு வேறு இருக்குமா என்பது சந்தேகம். இரண்டு ஜன்னல்களும் கிடையாக அமைந்திருப்பதனால், பிம்பங்கள் இடமும் வலமுமாகவே நகரும். ஆகவே அவற்றைப் பொருத்திப் பார்ப்பதற்கு நெட்டையான ஒரு விளிம்பு வேண்டும். பனைமரத்தைப் போல அதற்கு உவந்த பொருள் உலகத்தில் இல்லை. பச்சிலைப்பள்ளிப் பக்கத்துப் பனங்கூடல் ஒன்றின் முன்னே நின்று, எந்த மரத்தின் விளிம்பைப் பிடித்தாலும் ஒரு விநாடியில் குவியம் அமைந்துவிடும். அதே கமராவைப் பண்ணைப் பாலத்தின் அருகே கொண்டுபோய்க் கடலேரியின் நீர்விளிம்பை நோக்கிப் பிடித்தாலோ, கிடையான கோடு தன்மேலேயே வழுக்கிச் செல்லுமேயொழிய, எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று தெரியவே தெரியாது. கமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிப்பதே அதற்குப் பரிகாரம். எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றுக்காரன் கிடுகுவேலி. ஒரே மாதிரியான பின்னல் அடுத்தடுத்து வருவதால், ஒரு கிடுகின் பிம்பம் பக்கத்துக் கிடுகின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று சத்தியம் செய்யும். அனுபவசாலிகள் வேலியை விட்டுவிட்டுப் படலையின் நிலைக்காலைப் பிடிப்பார்கள்.

வெயிலும் அவ்வாறே ஓர் உபாத்தியாயர். வானம் துலங்கிய பகலில் 100 வேகமுள்ள பிலிமுக்கு, 1/125 செக்கனும் எஃப் 16 துவாரமும் போதும் என்ற பழைய சூத்திரம், வடகீழ்ப் பருவ மாதங்கள் நீங்கலாக எங்கள் ஊரில் அநேகமாகப் பிழைப்பதில்லை. மணற்காட்டு வெண்மணற் குன்றுகளிலே வெளிச்சம் கீழிருந்தும் எழும்புவதனால் எஃப் 22க்கு இறங்க வேண்டும். கோயில் வீதியின் மருத நிழலுக்கு வந்தால் மூன்று படிகளாவது ஏற வேண்டும். இவ்வளவையும் மனத்திலே பதித்துக்கொண்டவனுக்கு ஒளிமானி எதற்கு? ஆனால் அதே வெயிலுக்கு ஒரு குரூரமும் உண்டு. இவ்வகைக் கமராக்களில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே கண்ணாடி எதுவும் குறுக்கே நிற்பதில்லை. ஆகையினால் மூடியைக் கழற்றிய லென்ஸைச் சூரியனை நோக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் கதை பேசிக்கொண்டிருந்தால், பூதக்கண்ணாடி கடதாசியைச் சுடுவது போல, ஷட்டரின் றப்பர் பூசிய துணித்திரையில் குண்டூசித் துளை விழுந்துவிடும்.

கண்ணாடி குறுக்கே இல்லாததன் அனுகூலத்தையும் சொல்ல வேண்டுமல்லவா? பிரதிபலிப்புக் கமராவில் படமெடுக்கும் அந்தக் க்ஷணத்திலேயே பார்ப்பவனின் கண் இருண்டுபோகிறது; ரேஞ்ச்ஃபைண்டரில் ஒருபோதும் இருள்வதில்லை. அதுமட்டுமன்று, எம்3 போன்றவற்றில் படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிக்கோடுகளுக்கு அப்பாலும் காட்சி விரிந்து கிடப்பதால், நல்லூர்த் தேர் வடம்பிடித்து வீதி திரும்பும்போது, சட்டத்துக்குள் இன்னும் வராத சில்லையும், ஓடிவரும் சிறுவனையும் முன்கூட்டியே கண்டு காத்திருக்கலாம். 1932இல் லைக்காவைக் கையிலெடுத்த ஹென்றி கார்ட்டியே-பிரஸோன் அதை விடாமல் வைத்திருந்ததற்கு இதுவே காரணமென்று நம்புகிறேன். 1950 ஏப்பிரலில், ரமண மகரிஷி சமாதியடைந்த வேளையில் திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். அடுத்த சில நாட்களில் புதுச்சேரியிலே அரவிந்தரைப் படமெடுத்தவரும் அவரே. எங்கள் தீவில் லயனல் வெண்ட், சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பதில் விற்பன்னர், 1930களில் லைக்காவைக்கொண்டு எடுத்த படங்களை 1938இல் லண்டனிலே காட்சிக்கு வைத்தார். 1944இல் அவர் காலமான பின்னர் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு வேகின்றது. ஒரு கலைஞனின் மூலப்பிரதியை அழிப்பவர்கள் என்ன நினைத்து அழிக்கிறார்களோ!

அழிவைப் பற்றிப் பேசினால் எங்கள் கதையைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதன் பின் மின்சாரம் நின்றது. பற்றரி தடைப்பொருட்களின் பட்டியலில் ஏறியது. ஜாம் போத்தலில் எண்ணெய் விளக்கும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலிச் செய்தியுமாகக் குடாநாடு வருஷக்கணக்காக வாழ்ந்தது. அந்தக் காலத்தின் கண்கொண்டு இரண்டு யப்பானியக் கமராக்களை ஒப்புநோக்குவது சுவாரஸ்யமான விஷயம். 1966இல் வெளிவந்த யஷிக்கா எலெக்ட்ரோ 35, மின்னணுவினால் ஷட்டரை ஆளுகின்ற நவீனப் பிறவி. பற்றரி தீர்ந்தால் 1/500 செக்கன் என்ற ஒரே வேகத்தில் மட்டும் இயங்கும். முற்றத்து வெயிலில் எஃப் 8 வைத்து அதனைக்கொண்டு ஒப்பேற்றலாம். மணவறைக்குள்ளே போனால் அது ஊமை. அதற்கு 5 ஆண்டுகள் முந்திய கனொனெற்றோ, லென்ஸைச் சுற்றி வளையமாகப் பதித்த செலீனியக் கலங்களில் வெளிச்சம் பட்டாலே ஒளிமானி அசையும் ஏற்பாடுடையது. வேகங்கள் யாவும் வில்லினாலும் பற்சில்லுகளினாலும் ஓடுவன. பிலிம் ஒன்று கையில் இருந்தாற் போதும், யாரிடமும் அனுமதி கேளாமல் அது தன் வேலையைச் செய்யும். பிந்திப் பிறந்த கமரா முந்தியதைவிட மேலானது என்ற எண்ணம் கடைவீதியில் செல்லுபடியாகலாம். முற்றுகைக்குள் வாழ்ந்தவனுக்கு அது செல்லாக்காசு.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கிடைத்ததைத் தலையிற் சுமந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது, பின்னால் விடப்பட்டவற்றுள் கமராக்களும் ஆல்பங்களும் எத்தனை என்பதைக் கணக்கிடுவார் இல்லை. ஆகையினால் இங்கே சேகரம் என்பது பிற தேசங்களைப் போலத் தேடி எடுப்பதன்று; பெரும்பாலும் திரும்பி வருவதை ஏற்றுக்கொள்வது. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ திருவிழாவுக்கு வருபவர்கள் அங்கத்தைய பழம்பொருட் சந்தையில் வாங்கிய ஸோர்க்கியையோ கீவையோ கொண்டுவருகிறார்கள். ஸோர்க்கி 4 என்பது 1956 முதல் 1973 வரை 17 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட சோவியத் கமரா. அதில் பிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பின்பே வேகத்தை மாற்ற வேண்டும், முன்பு மாற்றினால் உள்ளுறுப்புக்குப் பங்கம் விளையும். கீவ், போர் நஷ்டஈடாக ஜெர்மனியிலிருந்து கொண்டுபோன கொன்ராக்ஸ் அச்சுகளிலிருந்து உருவானது. அதன் தூரமானி ஜன்னல் மிகவும் ஓரத்தில் இருப்பதனால், புதியவனின் விரல் அதை மறைத்துவிடும். பொன்முலாம் பூசி, ஜெர்மானிய முத்திரை பொறித்து, லைக்கா என்ற பெயரோடு ஆயிரக்கணக்கில் கேட்கப்படுகின்றவையோ அநேகமாக ஸோர்க்கியும் ஃபெட்டும் போட்ட வேஷங்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால் வேஷம் கலையும்: லைக்காவில் தூரமானியின் நெம்புகோல் நுனியில் ஒரு சிறு உருளை சுழலும், சோவியத் கமராக்களில் ஆப்புப் போன்ற ஓர் உலோகத் துண்டே இருக்கும்.

உப்புக்காற்றும் மாரிகாலத்து ஈரமும் லென்ஸுக்குள் பூஞ்சணத்தை வளர்க்கும். அது வேரோடினால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிவைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் சேகரிப்பாளர்களிடம் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. இருட்டையும் புழுக்கத்தையும் பூஞ்சணம் விரும்புகிறது; அசையாத ஷட்டரில் எண்ணெய் பிசினாகிறது. மாதத்தில் ஒரு தடவையாவது எல்லா வேகங்களையும் தட்டிப் பார்த்து, லென்ஸுக்கு வெளிச்சம் காட்டி, பிலிமின் விலை ஏறிவிட்ட இந்நாளில் வருஷத்துக்கு ஒரு றோலாவது ஓட்டுவதுதான் அந்த யந்திரத்துக்குச் செய்யும் வைத்தியம்.

ஓட்டிய றோலை வீட்டிலே கழுவ முனைகின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லைக் குடைந்தவை. அந்தத் தண்ணீரில் கடைசியாக அலசிக் கொடியில் தொங்கவிட்ட நெகட்டிவ், உலரும்போது வெள்ளைப் புள்ளிகளோடு உலரும், அச்சிடுகையிலும் அவை வெள்ளைப் புள்ளிகளாகவே வானமெங்கும் தெறிக்கும். மருந்துக்கு விதித்த 20 பாகை வெப்பநிலையும் எங்கள் தண்ணீருக்குப் பழக்கமில்லாதது. ஐஸ்கட்டி இட்ட பாத்திரத்துக்குள் மருந்துப் போத்தலை நிறுத்திக் குளிர்விக்க வேண்டும், அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும். இறுதி அலசலுக்கு வடித்த நீர் உத்தமம். மாரியில் பீலியால் இறங்கும் மழைநீரைத் துணியால் வடிகட்டிப் போத்தலில் சேர்த்துவைத்தாலும் போதும். அப்படி உலர்ந்த சுருளைக் கடதாசியில் அச்சேற்றும் வித்தையையும், அதற்கான இருட்டறையைக் குசினி மூலையொன்றில் அமைத்துக்கொள்ளும் விதத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.