கால் நகத்தில் நிறம் மாறுகிறதா? வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்

உங்கள் கால் பெருவிரல் நகத்தின் நுனியிலோ ஓரத்திலோ வெள்ளையாக அல்லது மஞ்சளாக ஒரு சிறு திட்டு தெரிகிறதா? நகச்சொத்தை என்று நாம் சொல்லும் பூஞ்சைத் தொற்று பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் பொதுவாக வலி இருக்காது. அதனால்தான் பலரும் "வயதானால் நகம் இப்படித்தான் ஆகும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

வயது கூடக்கூட நகம் சற்றுத் தடிப்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் இரு கால்களிலும் பல நகங்களில் மெதுவாக வரும். பூஞ்சையோ பெரும்பாலும் ஒரு நகத்தின் மூலையில் தொடங்கி, மாதக்கணக்கில் நகத்தின் அடிப்பகுதியை நோக்கிப் பரவும்.

எதைப் பார்க்க வேண்டும்?

திட்டு பெரிதாகும்போது நகம் தடித்து, நுனி பொடிப்பொடியாக உதிரும். நகவெட்டியால் வெட்டினால் சீராக வெட்டுப்படாமல் நொறுங்கும். நகத்துக்கு அடியில் மாவு போன்ற கழிவு சேரும். சில சமயம் வாடையும் வரும். பிறகு நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

விரல் இடுக்குகளையும் பாருங்கள். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்தால் அது சேற்றுப்புண்ணாக இருக்கலாம். அந்தப் பூஞ்சையே நகத்துக்கும் பரவும் என்பதால் முதலில் அதைக் குணப்படுத்துவது நல்லது.

குளித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், மூக்குக் கண்ணாடி அணிந்து பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் உள்ளவர்களிடம் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை கைபேசியில் படம் எடுத்து வைத்தால், திட்டு வளர்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கால் நகங்களில் மருதாணி இடுபவர்கள் பெருவிரல் நகத்தையாவது விட்டுவையுங்கள். மருதாணி நிறம் நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை போகாது. அதற்கடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. மஞ்சள் பூசினாலும் இதே சிக்கல்தான். மெட்டி அணிபவர்கள் அதைச் சற்று நகர்த்தி, அடியில் தங்கும் ஈரத்தைத் துடையுங்கள்.

நகத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ புதிதாக ஒரு கோடு தோன்றினால், அதைப் பூஞ்சை என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் விரைவில் காட்டுங்கள். அரிதாக அது தோல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

நீரிழிவு இருந்தால்

நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தடித்த நகம் காலணியில் அழுந்தி அருகிலுள்ள தோலைக் கிழித்தாலும் உங்களுக்குத் தெரியாது. அந்தச் சிறு கீறல் வழியாகக் கிருமி புகுந்தால் ஆறாத புண்ணாகிவிடும். ஆகவே ஆண்டுதோறும் செய்யப்படும் பாதப் பரிசோதனைவரை காத்திருக்காமல், நகத்தில் மாற்றம் கண்டவுடன் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள். நகத்தைச் சுற்றிச் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ அன்றைக்கே செல்ல வேண்டும். தடித்த நகத்தைப் பிளேடால் சீவுவது இவர்களுக்கு மிக ஆபத்தானது.

சிகிச்சை எப்படி இருக்கும்?

மஞ்சளான நகம் எல்லாமே பூஞ்சை அல்ல. சோரியாசிஸ் எனும் தோல் நோயாலும், இறுக்கமான காலணியாலும், பழைய அடியாலும் நகம் இப்படி மாறலாம். எனவே மருத்துவர் நகத்தில் சிறிது வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பக்கூடும்.

தொற்று நுனியில் மட்டும் இருந்தால், நகத்தில் பூசும் மருந்தே போதுமானதாக இருக்கலாம். பரவிவிட்டால் மாத்திரை தேவைப்படும். கால் நகத்துக்கு வழக்கமாகத் தரப்படும் டெர்பினாஃபின் மாத்திரையை 12 வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். அதற்கு முன் கல்லீரலைச் சோதிக்க இரத்தப் பரிசோதனை செய்யப்படலாம். சில பூஞ்சை மாத்திரைகள் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளுடன் ஒத்துப்போகாது. நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மருந்து வேலை செய்தாலும் நகம் உடனே அழகாகிவிடாது. கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. பெருவிரலில் புது நகம் முழுதாக வர 12 முதல் 18 மாதம் ஆகும். பலரும் மூன்றாம் மாதத்திலேயே "ஒன்றும் தெரியவில்லை" என்று பூச்சு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நகத்தின் அடிப்பகுதியில் தெளிவான நகம் வளர்ந்து வந்தால், மருந்து பலிக்கிறது என்று பொருள்.

இதற்கிடையே நகவெட்டியை வீட்டில் யாருடனும் பகிராதீர்கள். ஈரச்சந்தைக்குச் சென்று வந்த பிறகும், கோயிலில் கால் கழுவிய பிறகும், விரல் இடுக்குகளை உலரத் துடையுங்கள். நனைந்த காலணியை நன்றாகக் காயவைத்த பிறகே மீண்டும் அணியுங்கள்.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும் நாளில் நகப்பூச்சை அகற்றிவிடுங்கள்; ஆனால் நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டாம், மாதிரி எடுக்கச் சிறிது நகம் வேண்டும். கடையில் வாங்கிய பூஞ்சை மருந்து ஏதாவது ஏற்கெனவே தடவியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது பரிசோதனை முடிவை மாற்றக்கூடும்.