அக்கா தங்கைகளின் கணக்குப் புத்தகம்

“காசு கட்டினாத்தான் அக்கா தங்கையாடி?”

அம்மா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொராரிட்டிக் கிளைக்கு என்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விடுமுறைக்கு செயின்ட் லூயிஸ் வந்தவள், பெருமையோடு வரவு செலவுக் கோப்பை அம்மாவிடம் காட்டினேன். உறுப்பினர் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா அப்படிக் கேட்டாள். ஜனவரி முதல் டிசம்பர் வரை அந்தக் கோப்பு என்னிடம் இருந்தது. பதில் அதற்குள்தான் கிடைத்தது.

சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் சங்கம். லத்தீனில் ‘சொரோர்’ என்றால் சகோதரி. பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில் பெயர், தனிச் சின்னம், தனிப் பாட்டு, பல ஊர்களில் சொந்த வீடு, ஆயுளுக்கும் உறுப்பினர் உரிமை. தலைமை அமைப்பு ஒன்று. கல்லூரிதோறும் அதன் கிளைகள்.

இது தோன்றிய கதையைத் தெரிந்துகொண்டபோது எனக்கு இதன்மேல் மரியாதை வந்தது. இந்தியானா மாநிலத்தில் கிரீன்காசில் என்ற சிற்றூர். அங்கிருந்த ஆஸ்பரி கல்லூரி 1867இல்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. வகுப்பில் உட்கார இடம் கிடைத்தது. ஆண் மாணவர் சங்கங்களில் உறுப்பினராக இடமில்லை. 1870இல் பெட்டி லாக் என்ற மாணவியும் தோழியர் மூவரும் தங்களுக்கென்று ‘கப்பா ஆல்ஃபா தீட்டா’ சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது மாணவியர் சங்கத்துக்கு ‘சொராரிட்டி’ என்ற பெயர் கிடையாது. சிராக்யூஸ் நகரில் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி 1882இல் அந்தப் பெயரைச் சூட்டினார். இன்று இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள், 1902இல் அமைந்த தேசியக் கூட்டமைப்பில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கிளைதான் எங்களுடையது.

ஜனவரியில் என் வேலை தொடங்கியது. திங்கள் இரவு கிளைக் கூட்டம். எல்லாரும் நல்ல உடை உடுத்தி, நெஞ்சில் சின்னம் குத்திக்கொண்டு வருவோம். வருகைப் பதிவு உண்டு. மதிப்பெண் குறைந்தவர்கள் படிக்க வேண்டிய நேரம், நூலக அட்டவணை, கூரை ஒழுகல், எல்லாம் அங்கே பேசுவோம். இருநூறு பேருக்கும் மேல் உறுப்பினர்கள். வீட்டில் தங்குபவர்கள் எழுபது பேர். சமையல்காரர் சம்பளம், காப்பீடு, தலைமை அமைப்புக்குச் செலுத்தும் பங்கு, கொதிகலன் பழுது என்று வரிசையாகச் செலவு. இருபது வயதில் இன்னொருவருடைய சம்பளக் காசோலையில் கையெழுத்துப் போட்ட அன்று எனக்குக் கை நடுங்கியது.

பிப்ரவரியில் ஒரு பெயருக்கு எதிரே மூன்று மாத பாக்கி நின்றது. விதிப்படி முதலில் எச்சரிக்கைக் கடிதம், பிறகு நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளத் தடை, கடைசியில் உறுப்பினர் நீக்கம். கடிதத்தை அடித்து முடித்தும் அனுப்ப மனம் வரவில்லை. மாடியேறிப் போய் அவள் அறைக் கதவைத் தட்டினேன். அவளுடைய அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இவள் ஒரு மளிகைக் கடையில் இரவு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

கிளைக்கு ஆலோசகராக இருந்த பழைய மாணவி ஒருவரிடம் அவளை அழைத்துப் போனேன். தவணை முறைக்கு ஏற்பாடு செய்தார். தலைமை அமைப்பின் அறக்கட்டளையில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழி காட்டினார். ஆனால் இன்னொருத்தி எனக்கு முன்பே விஷயத்தை ஊகித்திருந்தாள். புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் மூத்தவள் ஒருத்தியை ‘பிக்’ என்று அமர்த்துவார்கள். நம் பேச்சில் அக்கா. இரவு இரண்டு மணிக்குப் பேருந்து கிடையாது. அவள் வேலை முடியும் நேரத்துக்கு அந்த அக்கா, பனியில், கடை வாசலில் காரோடு நின்றாள். ஒரு கேள்வியும் கேட்காமல் குளிர்காலம் முழுக்க நின்றாள். என் கோப்பில் அந்தப் பெட்ரோல் செலவு எங்கும் இல்லை.

வசந்தத்தில் நிதி திரட்டல். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பொதுப்பணி உண்டு. ‘டெல்டா காமா’ 1936 முதல் பார்வை நலத்துக்கு உழைக்கிறது. ‘சீட்டா டவ் ஆல்ஃபா’ மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு. நாங்கள் நள்ளிரவு வரை பான்கேக் சுட்டு விற்றோம். பாகு ஒட்டிய ஒற்றை டாலர் நோட்டுகளைத் தரையில் பரப்பி எண்ணினோம்.

மே மாதம் மூத்தவர்கள் விடைபெற்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் எல்லாருடைய முகங்களையும் ஒரே சட்டத்தில் அடுக்கிக் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். வீடு காலியான அன்று அந்தச் சட்டங்களின் வழியே பின்னோக்கி நடந்தேன். 1970களுக்குப் போனபோது என் நிறத்தில் ஒரு முகம்கூட இல்லை. இந்த உலகத்தின் பழைய காயம் அது. கறுப்பினப் பெண்கள் 1908இலேயே வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’வைத் தொடங்கிவிட்டார்கள். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள், முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் கமலா ஹாரிஸ் சேர்ந்தது அதில்தான். தெற்காசியப் பெண்கள் 1998இல் ஹூஸ்டனில் ‘டெல்டா ஃபை ஒமேகா’வை நிறுவினார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தின் வெள்ளையர் சொராரிட்டிகளில் நிறம் பார்த்து ஒதுக்குவதை மாணவர் இதழ் வெளிக்கொண்டுவந்து, அங்கே கதவுகள் திறக்கத் தொடங்கியது 2013இல்!

ஆகஸ்டில் ‘ரஷ்’. வகுப்புகள் தொடங்குமுன் ஒரு வாரம். சேர விரும்பும் பெண்கள் கடும் வெயிலில் வீடு வீடாக வருவார்கள். கதவு திறந்ததும் எழுபது பேர் கைதட்டிப் பாடி வரவேற்போம். ஒருத்தியோடு சில நிமிடப் பேச்சு. அவள் போனதும் மதிப்பெண். நாளுக்கு நாள் பட்டியல் சுருங்கும். கடைசியில் அவர்களுடைய விருப்ப வரிசையையும் எங்கள் வரிசையையும் கணினி பொருத்திப் பார்க்கும். அழைப்பு நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் உறையைப் பிரித்து, தங்கள் வீட்டை நோக்கி ஓடி வருவார்கள். நானும் ஒருமுறை அப்படி அழுதுகொண்டே ஓடியவள்தான்.

அந்த ஆண்டு கட்டண விவரம் சொல்வது என் பொறுப்பு. ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, “மாதாமாதம் கட்டலாமா?” என்றாள். “கட்டலாம்” என்றேன். விவரமாகச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளாக விலகினாளா, எங்கள் மதிப்பெண் விலக்கியதா, எனக்குத் தெரியாது. நிறத்தின் கதவு திறந்த பிறகும் பணத்தின் கதவு இருக்கிறது. அதன்மேல் யாரும் எதுவும் எழுதி வைப்பதில்லை.

சேர்ந்தவர்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி. பிறகு மந்தணமான சடங்கோடு முழு உறுப்பினர் ஆவார்கள். அந்தச் சடங்கைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ராகிங்கை மட்டும் மந்தணம் என்ற பெயரில் யாரும் மறைக்கக்கூடாது. அதில் உயிர்கள் போயிருக்கின்றன. கல்லூரிகள் ராகிங் சம்பவங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமே வந்தது.

அக்டோபரில் ஹோம்கமிங். கல்லூரி விட்டுப் போனவர்கள் ஊர் திரும்பும் விழா. 1911இல் கான்சஸுக்கு எதிரான கால்பந்தாட்டத்துக்குப் பழைய மாணவர்களை அழைத்ததிலிருந்து எங்கள் பல்கலைக்கழகம் கொண்டாடிவருகிறது. ஒருபுறம் பெரும் இரத்ததான முகாம். மறுபுறம் ‘பாம்பிங்’: கோழிக்கூண்டு வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு மெல்லிய வண்ணக் காகிதத்தைத் திணித்து, வீட்டு முற்றம் அளவுக்குப் பெரிய சித்திரம் எழுப்புவது. வாரக்கணக்கில் செய்வோம். விரல் நுனியெல்லாம் சாயம் ஏறும். அங்கே உட்கார்ந்துதான் யாருக்கு வீட்டில் சண்டை, யாருக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் தெரியவந்தது. வெள்ளி இரவு ஊர்க் குழந்தைகள் அப்பாக்களின் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

நவம்பரில் தேர்தல். அடுத்த பொருளாளர் இரண்டாம் ஆண்டு மாணவி. கோப்பின் முதல் பக்கத்தில் அவளுக்கு எழுதி வைத்தேன்: “பாக்கி இருந்தால் கடிதம் அனுப்பாதே. முதலில் கதவைத் தட்டு. ஆகஸ்டில் தவணையைப் பற்றி, யாரும் கேட்பதற்கு முன்பே நீயே சொல்லிவிடு.”

அன்றிரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். “காசு கட்டினா வீடும் சாப்பாடும் கிடைக்கும்மா. அக்கா வேற” என்று தொடங்கி, இரவு இரண்டு மணிக் காரைப் பற்றிச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ரெண்டு பொண்ணுங்களையும் ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வா” என்றாள்.

அவர்கள் யாரென்று அம்மாவிடம்கூட நான் காட்டிக்கொடுக்க முடியாது. டிசம்பர்த் தேர்வுகள் முடிந்த மறுநாள் மூன்று கார்களில் பதினோரு பேரை அழைத்துப் போனேன். அம்மா அடுப்பை விட்டு நகராமல் எல்லாருக்கும் தோசை வார்த்துப் போட்டாள். அந்த இருவர் யாரென்று கடைசிவரை அவள் கேட்கவே இல்லை.